பாட்டி சொல்லாத பெயர்

1

ஒரு காரியத்துக்காகத் தாத்தாவின் ஞானஸ்நானச் சான்று தேவைப்பட்டது. பங்குச் சாமியார் பழைய பதிவேட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். தோல் அட்டை, உப்புக்காற்றில் விளிம்பு கறுத்த தாள்கள். எழுத்து முழுக்க இலத்தீன். மாதத்தின் பெயர் இலத்தீனில், உறவுமுறை இலத்தீனில், ஞானத்தகப்பன் என்ற சொல்லும் இலத்தீனில். விரலை வைத்துக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நிறுத்தினார். 'அந்தோனியும்' என்று இருந்தது. பக்கத்தில் 'பெர்னாண்டோ'.

அந்தக் கடைசி 'உம்' என்னைப் பிடித்துக்கொண்டது. இலத்தீனில் அது செயப்படுபொருளைக் காட்டும் உருபு, நம்முடைய 'ஐ' போல. அந்தோணியை நான் முழுக்காட்டினேன் என்று குருவானவர் எழுதியிருக்கிறார். பிறந்து சில நாளே ஆன குழந்தை அங்கே எதையும் செய்யவில்லை. அதற்குச் செய்யப்பட்டதுதான் எழுதப்பட்டிருக்கிறது.

பெயரும் அப்படித்தானே. நாம் வைத்துக்கொள்வதில்லை, வைக்கப்படுகிறது. அன்று சாயங்காலம் ஒரு குறிப்பேடு வாங்கினேன். அதில் பல மாதங்களாக எழுதி வந்தவை இவை.

2

பள்ளியில் எங்கள் வகுப்பில் ஐந்து பர்னாந்துகள். ஆசிரியர் முதற்பெயரையும் சேர்த்து வாசித்தால்தான் ஆள் தெரியும். அதிலும் இரண்டு பேர் அந்தோணி. தூத்துக்குடியில் கடலோரத் தெரு எதிலும் நின்று இந்தப் பெயர்களைக் கூப்பிட்டால் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். ஊருக்குத் தாமிரபரணித் தண்ணீர் கொண்டுவந்த நகராட்சித் தலைவர் குரூஸ் பர்னாந்தின் பெயரைச் சொல்லாமல் எங்கள் ஊர்க் கதையைச் சொல்ல முடியாது.

எங்கள் வீட்டுக்குள் மட்டும் அந்தப் பெயர் ஒலித்ததில்லை. பாட்டி சொல்ல மாட்டாள். புருஷன் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்பது அவள் காலத்து வழக்கம். 'அவுக', 'ஒங்க தாத்தா', 'எங்க வீட்டு ஆளு' என்பதோடு சரி. தாத்தாவுக்கும் பதுவைப் புனிதருக்கும் ஒரே பெயர் என்பதால், புனிதரின் பெயரையும் அவள் சொல்வதில்லை. செவ்வாய்க்கிழமை நவநாள் செபத்தில் எல்லோரும் பெயரைச் சொல்லும் இடத்தில் அவள் குரல் மட்டும் 'கோடி அற்புதரே' என்று போகும்.

சொல்லாமல் விட்டதே அந்தப் பெயருக்கு வீட்டுக்குள் ஓர் இடத்தைக் கொடுத்தது என்று இப்போது நினைக்கிறேன். மாடத்தில் ஏற்றிய விளக்கை யாரும் கையில் எடுத்துக்கொண்டு நடப்பதில்லை.

3

எழுதும்போது பெர்னாண்டோ. பேசும்போது பர்னாந்து.

இந்தப் பெயரைக் கொண்டுவந்த போர்த்துக்கேயர் சொல்லும் முதல் ஒலிக்கு மேற்பல் கீழுதட்டைத் தொட வேண்டும், இடையில் காற்றுக் கசிய வேண்டும். தமிழில் அந்த ஒலி இல்லை. இரண்டு உதடுகளையும் மூடித் திறந்து அதைப் பகரமாக்கிக்கொண்டோம். ஸ்பெயினில் காஸ்டிலியப் பேச்சில் அது வேறு வழியில் போனது. சொல்லின் முதலில் வந்த அந்தக் காற்று நூற்றாண்டுகளில் மூச்சாக மெலிந்து, பிறகு மூச்சும் அடங்கிவிட்டது. 'எர்னாந்தோ' என்கிறார்கள். 'எர்னாந்தெஸ்' என்ற குடும்பப் பெயர் அப்படி வந்தது. பொருள், பர்னாந்தின் மகன்.

பெயரின் நடுவிலும் ஓர் ஒலி கைமாறியிருக்கிறது. மூலத்தில் அங்கே நாக்கு நுனி பற்களுக்கிடையே வந்து போகும் மெல்லிய உரசல் ஒன்று இருந்தது. இலத்தீன் பேசியவர்களுக்கு அது வராது. அவர்கள் அதைத் தகரமாக்கினார்கள்.

ஒவ்வொரு வாயும் தன்னால் முடியாததை விட்டுவிட்டு முடிந்ததை வைத்துக்கொண்டிருக்கிறது. அப்படியும் பெயர் உடையவில்லை.

4

அந்த மூலம் கோத்திய மொழி.

கோத்தர்கள் 4ஆம் நூற்றாண்டில் டான்யூப் நதிக்கு வடக்கே வாழ்ந்த மக்கள். அவர்களிடையே உல்பிலா என்று ஓர் ஆயர் இருந்தார். அவருடைய முன்னோர்கள் கப்பதோக்கியாவிலிருந்து கோத்தர்களால் சிறைபிடிக்கப்பட்டுப் போன கிறிஸ்தவர்கள். பிடித்துச் செல்லப்பட்டவர்களின் வழியில் பிறந்த பிள்ளைக்குப் பிடித்தவர்களின் மொழியிலேயே பெயர். உல்பிலா என்றால் குட்டி ஓநாய்.

அவர் கோத்திய மொழிக்கு எழுத்து உண்டாக்கினார். பெரும்பாலும் கிரேக்க எழுத்துகளைத் தழுவி, இலத்தீனிலிருந்தும் பழைய ரூனிக் எழுத்துகளிலிருந்தும் சிலவற்றைச் சேர்த்து. பிறகு விவிலியத்தை மொழிபெயர்த்தார். அரசர்களின் வரலாற்றைச் சொல்லும் ஆகமங்களை மட்டும் விட்டுவிட்டார் என்று பண்டைய வரலாற்றாசிரியர் பிலோஸ்டோர்கியஸ் எழுதியிருக்கிறார். ஏற்கெனவே சண்டையில் பிரியமுள்ள மக்களுக்கு இன்னும் சண்டைக் கதைகள் வேண்டாம் என்பது காரணம்.

அந்த மொழிபெயர்ப்பின் மிகப் பெரிய எச்சம் சுவீடனில் உப்சாலா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ஊதாச் சாயமேற்றிய தோல் ஏடுகளில் வெள்ளியாலும் பொன்னாலும் எழுதிய நற்செய்தி நூல். 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியில் எழுதப்பட்டது. குறைந்தது 336 ஏடுகள் இருந்திருக்க வேண்டும். உப்சாலாவில் 187 இருக்கின்றன. இன்னும் ஓர் ஏடு 1970இல் ஜெர்மனியின் ஸ்பையர் பேராலயத்தில் அகப்பட்டது.

எங்கள் குடும்பப் பெயரின் வேர்களைத் தேட வேண்டுமென்றால் அந்த ஊதாத் தோலிலும் தேட வேண்டும்.

5

கோத்தர்களில் ஒரு கிளை மேற்கே நடந்தது. 410இல் அலாரிக்கின் தலைமையில் ரோமாபுரியைச் சூறையாடி, 418இல் பிரான்சின் தென்மேற்கில் குடியேறி, பிறகு ஸ்பெயினுக்கு இறங்கித் தொலேதோ நகரில் ஆட்சி அமைத்தது. 589இல் தொலேதோவில் கூடிய சங்கத்தில் அரசர் ரெக்கரேத் தம் மக்களோடு கத்தோலிக்கத்தைத் தழுவினார். கோவிலிலும் அரசவையிலும் இலத்தீனே நிலைத்தது. 711இல் ஆட்சியும் விழுந்தது.

மொழி போய்விட்டது. ஸ்பானிய, போர்த்துக்கேய மொழிகளில் கோத்தியச் சொற்கள் என்று எண்ணினால் கைப்பிடி அளவுதான் தேறும். கையுறைக்குப் போர்த்துக்கேயர் சொல்லும் 'லூவா' அதில் ஒன்று. கோத்தியத்தில் உள்ளங்கை என்று பொருள். பேச்சு முழுவதும் போனபின் உள்ளங்கையின் வடிவம் மட்டும் மிஞ்சியது போல.

ஆனால் பெயர்கள் ஏராளமாக நின்றன. அல்வாரோ, ரொட்ரிகோ, கொன்சாலோ, அல்போன்சோ, எல்விரா. வட போர்த்துகலில் கிமாரயேன்ஸ் என்ற ஊரே விமாரா என்ற ஆளின் பெயர்தான். பாட்டன் மொழியை மறந்துபோன பேரன்கள் பாட்டன் பெயரை மறக்கவில்லை. பொருள் தெரியாமலே பிள்ளைக்கு வைத்தார்கள், பிள்ளைகள் பொருள் தெரியாமலே சுமந்தார்கள்.

அக்கால இலத்தீன் ஆவணங்களில் எங்கள் பெயர் 'பிரெதெனாந்துஸ்' என்றும் 'பெர்தினாந்துஸ்' என்றும் எழுதப்பட்டிருக்கிறது. கோத்திய உடலுக்கு இலத்தீன் வால். ரோமாபுரியைச் சூறையாடியவர்களின் பெயருக்கு ரோமாபுரி விகுதி கொடுத்து வீட்டுக்குள் ஏற்றுக்கொண்டது.

இன்னொன்றும் கவனித்தேன். போர்த்துக்கேயப் பெயர்ச்சொற்கள் பெரும்பாலும் இலத்தீனின் செயப்படுபொருள் வடிவத்திலிருந்து வந்தவை. 'பெர்தினாந்தும்' என்பதன் கடைசி ஒலி உதிர்ந்துதான் 'பெர்னாந்தோ'. பதிவேட்டில் நான் பார்த்த 'உம்' இந்தப் பெயருக்குள்ளும் கரைந்து கிடக்கிறது. பர்னாந்தை என்று யாரோ ஒருவன் எப்போதும் எதிரே நின்று சொல்லிக்கொண்டிருப்பதாகத் தோன்றுகிறது.

6

பெயரில் இரண்டு துண்டுகள். இரண்டாவதைப் பற்றி அறிஞர்களிடையே பெரிய பேதம் இல்லை. 'நந்த்' என்றால் துணிவு. முதல் துண்டுக்கு இரண்டு பொருள் சொல்கிறார்கள்.

ஒன்று, சமாதானம். 'பிரித்' என்ற வேர். கோத்திய விவிலியத்தில் பவுலின் கடிதத்தில் இந்த வேரிலிருந்து ஒரு சொல் வருகிறது. பகையானவர்களை மறுபடி சேர்த்துவைப்பது என்று பொருள். தமிழ் விவிலியம் அந்த இடத்தில் ஒப்புரவு என்கிறது. திருக்குறளில் ஓர் அதிகாரத்தின் தலைப்பிலேயே இருக்கும் சொல்.

அந்த வேரைத் தோண்டினால் அன்பு செய்தல் வருகிறது. கோத்தியத்தில் அன்பு செய்வதற்கு 'பிரியோன்'. சமஸ்கிருதத்தில் அதே மூலத்திலிருந்து 'ப்ரிய'. அதுதான் தமிழுக்கு வந்து பிரியம் ஆயிற்று. பாட்டி மீன் குழம்பில் முதல் துண்டத்தை என் தட்டில் வைத்துவிட்டு, 'பிரியமாச் சாப்பிடு' என்பாள். அவள் சொல்லாத பெயரின் உறவுக்காரச் சொல் ஒன்று அவள் வாயில் நாள்தோறும் இருந்தது.

சமாதானம் என்பது சண்டை ஓய்ந்த வெறும் இடம் என்று நினைத்திருந்தேன். அந்த மக்கள் அதற்குப் பிரியத்திலிருந்து சொல் எடுத்திருக்கிறார்கள்.

7

இன்னொரு பொருள், பயணம். 'பர்த்' என்ற வேர்.

கோத்தியத்தில் 'பர்யன்' என்ற வினை பிழைத்திருக்கிறது. சீடர்கள் கலிலேயக் கடலில் படகில் போகிற இடங்களில் அது வருகிறது. அலை எழும்ப ஆண்டவர் தூங்கிக்கொண்டிருந்த படகு. இருட்டில் எதிர்க்காற்றில் தண்டு வலித்த படகு. உல்பிலாவின் மொழியில் அந்தச் சொல்லுக்குத் தரை வழி தெரியாது, தண்ணீர் வழிதான் தெரியும்.

இதே வேரின் பெயர்ச்சொல் ஒன்று, பவுல் தாம் மூன்று முறை கப்பற்சேதத்தில் அகப்பட்டதைச் சொல்லும் இடத்தில் வருகிறது. 'உஸ்பர்த்தோ', வெளியே போதல். மூழ்கும் கப்பலை விட்டு வெளியே போதல். இந்தச் சொல் பிழைத்த கதையும் மூழ்கி மிதந்த கதைதான். இத்தாலியில் பொப்பியோ மடத்தில் கோத்திய ஏடுகளைச் சுரண்டி அழித்து, அதே தோலில் இலத்தீன் உரைகளை எழுதிவிட்டார்கள். தோல் விலை உயர்ந்தது, கோத்தியம் படிக்க ஆளில்லை. 1817இல் மிலான் நகரின் அம்புரோசிய நூலகத்தில் ஆஞ்செலோ மாய் என்ற குருவானவர், இலத்தீன் வரிகளுக்கு அடியில் மங்கலாகத் தெரிந்த வேறு எழுத்தைக் கண்டார்.

'பர்யன்' என்பதன் முதல் ஒலி இன்னும் பழைய காலத்தில் பகரமாக இருந்தது. கடத்தல், அக்கரை சேர்த்தல் என்ற பொருளில் 'பெர்' என்று ஒரு பொது வேர். சமஸ்கிருதத்தில் அது 'பார', அக்கரை. நம் பழைய நூல்களில் கடலுக்குப் பாராவாரம் என்று ஒரு பெயர் உண்டு. அக்கரையும் இக்கரையும் உடையது. இலத்தீனில் அதே வேர் 'போர்த்துஸ்', துறைமுகம். போர்த்துகல் என்ற நாட்டின் பெயரிலேயே அது இருக்கிறது.

கோத்தர்கள் காற்றாக்கியதை எங்கள் ஊர் உதடுகள் மறுபடி பகரமாக மூடின. தெரிந்து செய்யவில்லை. தோணி தற்செயலாகப் பழைய துறையில் வந்து முட்டுவது உண்டு.

8

இங்கே ஓர் எச்சரிக்கையை எனக்கே எழுதிக்கொள்கிறேன்.

சிறு வயதில் ஒரு பெரியவர், பர்னாந்துக்குள் ஆனந்தம் இருக்கிறது என்று பிரித்துக் காட்டினார். மகிழ்ந்துபோனேன். இல்லை. அது வெறும் ஒலி ஒற்றுமை. பரவர் என்ற எங்கள் குலப்பெயரையும் 'பர்யன்' என்ற கோத்திய வினையையும் கோத்துப் பார்க்க மனம் தாவும். அதுவும் கூடாது. பரவை என்றால் கடல். பரத்தல் தமிழின் சொந்த வேர்.

உறவு இருக்கும் இடத்தில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். இல்லாத இடத்தில் இல்லை என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். ஒரு சொல்லை நேசிப்பதென்றால் அதை அதன் பிறப்போடு விட்டுவைப்பதும்தான்.

9

பெயரைச் சுமந்தவர்களைப் பார்த்தேன்.

காஸ்டிலிய அரசர் மூன்றாம் பெர்னாண்டோ 1236இல் கோர்தோபாவையும் 1248இல் செவில் நகரையும் முஸ்லிம் ஆட்சியிடமிருந்து கைப்பற்றியவர். திருச்சபை அவரைப் புனிதர் என்கிறது. செவில் பேராலயத்தில் அவர் கல்லறையில் இலத்தீன், காஸ்டிலியம், அரபு, எபிரேயம் என்று நான்கு மொழிகளில் எழுதியிருக்கிறது. வென்றவனின் சாவைத் தோற்றவனின் மொழியிலும் எழுதிவைத்த கல்.

அரகோன் அரசர் பெர்னாண்டோ 1492இல் மனைவி இசபெல்லாவோடு கிரானடாவைப் பிடித்தார். அதே ஆண்டில் யூதர்களை நாட்டைவிட்டே துரத்தும் ஆணையில் கையெழுத்திட்டார். அவர் பெயரிலும் சமாதானம் இருந்தது.

பெர்னாவோ என்பது இதே பெயரின் போர்த்துக்கேயச் சுருக்கம். மாகெல்லன் என்று நாம் அறிந்தவரின் பெயர் அது. தென்னமெரிக்க முனையின் நீரிணையைக் கடந்து 1520இல் மறுபுறம் வந்தபோது எதிரே விரிந்த கடல் அடங்கிக் கிடந்ததால் அதற்கு அமைதிக் கடல் என்று பெயரிட்டார். பெயரின் இரண்டு பொருளும் அந்த ஒரு கணத்தில் அவர் முன்னால் கிடந்தன. அடுத்த ஆண்டு ஏப்ரல் மாதம், பிலிப்பைன்ஸ் தீவுகளில் மக்தான் கரையில் தாமே தேடிப்போன சண்டையில் இறந்தார்.

பெயர் யாரையும் நல்லவனாக்குவதில்லை. அது ஒரு கிண்ணம். அவனவன் வார்த்ததுதான் அதில் நிற்கும்.

10

லிஸ்பனில் 1195இல் ஒரு குழந்தை பிறந்தது. பெர்னாண்டோ என்று பெயரிட்டார்கள். வளர்ந்து அகுஸ்தீன் சபைத் துறவியாகி, கோயிம்ப்ரா நகரில் திருச்சிலுவை மடத்தில் படித்துக்கொண்டிருந்தார். 1220இல் மொரோக்கோவில் கொல்லப்பட்ட ஐந்து பிரான்சிஸ்கன் துறவிகளின் உடல்கள் அந்த ஊருக்குக் கொண்டுவரப்பட்டன. அந்த உடல்கள் அவரை அசைத்துவிட்டன. தம் மடத்தைவிட்டு, ஒலிவத் தோப்புக்குள் இருந்த ஏழைத் துறவிகளோடு போய்ச் சேர்ந்தார். அந்தத் தோப்பின் சிற்றாலயம் எகிப்தியப் பாலைவனத்துப் புனித அந்தோணியாருடையது. அந்தப் பெயரையே தமக்கு எடுத்துக்கொண்டார்.

மொரோக்கோவுக்குக் கப்பல் ஏறினார், தாமும் அங்கே சாக வேண்டும் என்று. போன இடத்தில் நோயில் விழுந்தார். திரும்பும் கப்பலைப் புயல் சிசிலிக்குத் தள்ளிக்கொண்டு போயிற்று. போக நினைத்த இடம் ஒன்று, கரையேறிய இடம் வேறு. கடைசியில் இத்தாலியின் பதுவை அவருடைய ஊராயிற்று. 1231 ஜூன் 13இல் இறந்தார். ஓராண்டு நிறைவதற்குள், 1232 மே 30இல், புனிதராக அறிவிக்கப்பட்டார். இருபது ஆண்டு கழித்து அதே மே 30இல்தான் செவில் நகரில் அரசர் பெர்னாண்டோ இறந்தார்.

உவரியிலும் கொழும்பு கொச்சிக்கடையிலும் கச்சத்தீவிலும் நாம் மெழுகுவர்த்தி ஏற்றும் அந்தோணியார், முதலில் ஒரு பர்னாந்து.

இதை அறிந்த நாளில் கோவிலுக்குப் போய் வெறுமனே உட்கார்ந்திருந்தேன். கோத்தியப் பெயரைக் கரையில் கழற்றி வைத்துவிட்டு இலத்தீன் பெயரோடு கப்பலேறிய மனிதர். தாத்தாவின் பதிவில் அந்த இரண்டும் ஒரே வரியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

11

அந்தோனியுஸ் ரோமாபுரியில் ஒரு குலத்தின் பெயர். மார்க் அந்தோனி அந்தக் குலத்தவர். ஹெர்குலிஸின் மகன் ஆந்தோன் வழிவந்தவர்கள் என்று அக்குலத்தார் பெருமை சொல்லிக்கொண்டதாகப் புளூட்டார்க் எழுதுகிறார். பிற்காலத்தில் கிரேக்கத்தின் பூ என்ற சொல்லோடு அதை ஒட்டவைத்தார்கள். ஆங்கிலத்தில் அந்தப் பெயருக்குள் ஓர் எழுத்து கூடியது அதனால்தான். பூவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இலத்தீனுக்கும் முந்திய எத்ருஸ்கரிடமிருந்து வந்திருக்கலாம் என்பார்கள். பொருள் திறக்காத பெயர்.

அந்தக் குலப்பெயர் எகிப்தில் ஒரு கொப்தியக் குடியானவர் வீட்டுப் பிள்ளைக்குப் போயிற்று. அவர் சொத்தைக் கொடுத்துவிட்டுப் பாலைவனத்துக்குப் போனார். அவரிடமிருந்து லிஸ்பன்காரருக்கு. லிஸ்பன்காரரிடமிருந்து எங்கள் தெருவுக்கு.

பொருள் தெரிந்த பெயரைவிடப் பொருள் தெரியாத பெயர் குறைவாகவா நேசிக்கப்பட்டது? கச்சத்தீவில் அலையில் ஆடும் படகில் உட்கார்ந்து அந்தப் பெயரைச் சொல்கிறவர் அதன் வேரைக் கேட்பதில்லை. கூப்பிட்டால் காதில் விழும் என்பது மட்டும் போதும்.

12

1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் முத்துக்குளித்துறைப் பரவர்கள் திருமறையில் சேர்ந்தார்கள். முத்துக் கடலில் தங்களை நெருக்கியவர்களிடமிருந்து பாதுகாப்புத் தேடி, அவர்களின் தலைவர்களான பட்டங்கட்டிகள் கொச்சிக்குப் போய்ப் போர்த்துக்கேயரைப் பார்த்தார்கள். ஞானஸ்நானத்தோடு பெயர்களும் வந்தன.

1542இல் வந்த சவேரியார், திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததை 1545ஆம் ஆண்டுக் கடிதத்தில் சொல்கிறார். ஒவ்வொருவருக்கும் அவரவர் புதுப்பெயரை எழுதிக் கையில் கொடுத்தாராம். அந்தக் கைகளை நினைத்துப் பார்க்கிறேன். வலை இழுத்துத் தழும்பேறிய கை. அதில் வாசிக்கத் தெரியாத ஒரு சீட்டு. நனையாமல் எங்கே வைத்திருப்பார்கள்?

வந்த பெயர்களில் இலத்தீன் வழிப் பெயர்களும் உண்டு. சில்வா என்றால் காடு. பெரைரா என்றால் பேரி மரம். கோஸ்தா, முதலில் விலா எலும்பு, பிறகு கடலின் விலாவான கரை. காடும் பேரி மரமும் இல்லாத மணலில் அவை இறங்கின. கோத்தியப் பெயர்கள் மரத்தையும் கரையையும் சொல்வதில்லை, ஆளைச் சொல்கின்றன. ரொட்ரிகோ, புகழால் ஆள்பவன். கோமஸ், மனிதன். பர்னாந்து, துணிந்தவன்.

அந்தப் பெயர்களுக்கு முன்னால் அவர்களுக்குப் பெயர்கள் இருந்தன. பதிவேட்டில் அவை இல்லை. பொப்பியோ மடத்தின் தோல்போல, எங்கள் தாளுக்கு அடியிலும் ஓர் எழுத்து மங்கிக் கிடக்கிறது. மேலே எழுதியதை நான் வெறுக்கவில்லை, அதுவும் என்னுடையதுதான். ஆனால் தாளை வெளிச்சத்தில் பிடிக்கும்போதெல்லாம் அடியிலும் ஒருமுறை பார்க்கிறேன்.

13

கடலுக்கு அக்கரையிலும் இந்தப் பெயர் உண்டு. சிலாபம், நீர்கொழும்பு, மொறட்டுவை, பாணந்துறை என்று இலங்கையின் மேற்குக் கரை நெடுகப் பெர்னாண்டோக்கள் இருக்கிறார்கள். பெரும்பாலோர் சிங்களம் பேசுகிறவர்கள். தமிழ் பேசும் பெர்னாண்டோக்களும் உண்டு. பள்ளியில் வருகைப் பதிவை வாசிக்கிறவர் பெயரை மட்டும் வைத்துப் பிள்ளையின் மொழியைச் சொல்லிவிட முடியாது.

மாசி, பங்குனியையொட்டிக் கச்சத்தீவுத் திருவிழாவில் இருகரைப் படகுகளும் ஒரே மணலில் ஏறுகின்றன. மற்ற நாளெல்லாம் எல்லையும் வலையும் வழக்குமாக இருக்கிற கடல்தான். அந்த இரண்டு நாள் மட்டும் பெயரின் முதல் பொருள் அங்கே கரையேறுகிறது.

14

இரண்டாவது துண்டை இவ்வளவு நாள் தள்ளிப்போட்டேன். துணிவு என்றதும் வாளும் குதிரையும் நினைவுக்கு வந்ததால், அதில் எனக்குப் பிடிப்பு வரவில்லை.

பிறகு உல்பிலாவின் மொழிபெயர்ப்பில் 'நந்த்' எங்கே வருகிறது என்று தேடினேன். மாற்கு நற்செய்தி, 15ஆம் அதிகாரம், 43ஆம் வசனம். 'அனநந்த்யன்' என்ற வினை, துணிவு கொள்ளுதல். அங்கே போர் இல்லை. சிலுவையில் எல்லாம் முடிந்துவிட்டது. சீடர்கள் ஓடிவிட்டார்கள். சாயங்காலம். அரிமத்தியா ஊர்ச் சூசை என்ற மனிதர், துணிந்து பிலாத்துவிடம் போய் உடலைக் கேட்கிறார்.

கேட்பதால் உயிர் திரும்பாது. கேட்கிறவனுக்கு ஆபத்து உண்டு, இலாபம் ஒன்றும் இல்லை. எங்கள் ஆளை எங்களிடம் கொடுங்கள், துணியில் சுற்றி அடக்கம் செய்கிறோம் என்று அதிகாரத்தின் வாசலில் நிற்பது. சண்டைப் பிரியர்களுக்குச் சண்டைக் கதைகளைக் கொடுக்க மறுத்த மொழிபெயர்ப்பு, துணிவு என்ற சொல்லைக் கொண்டுபோய் வைத்த இடம் இது.

பெரிய வெள்ளியன்று ஆண்டவரின் சொரூபத்தைச் சிலுவையிலிருந்து இறக்கித் தூம்பாவில் கிடத்தும்போது பாட்டி எழுந்து நிற்பாள். முழங்கால் வலியால் மற்ற சமயம் உட்கார்ந்திருப்பவள் அந்த ஒரு நேரம் மட்டும் நிற்பாள். ஏன் என்று நான் கேட்டதில்லை.

15

அதை அப்பாவிடம் கேட்டேன். அவருக்கு அப்போது எட்டு வயதாம்.

தாத்தா தோணியில் வேலை பார்த்தவர். கொழும்புக்குப் போன தோணி வாடைக்காற்றில் கவிழ்ந்தது. தண்டலும் இரண்டு பேரும் பலகையைப் பிடித்துக் கரைசேர்ந்தார்கள். தாத்தா வரவில்லை. ஐந்தாம் நாள், வேம்பாருக்கு வடக்கே ஓர் உடல் ஒதுங்கியிருப்பதாகச் செய்தி வந்தது. அரசாங்கத்தார் எடுத்து வைத்திருக்கிறார்கள், அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டும்.

வீட்டில் ஆண்கள் இருந்தார்கள். அவர்கள் போகிறோம் என்றார்கள். பாட்டி, நானே போறேன் என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஊரைத் தாண்டிப் போய்ப் பழக்கமில்லாதவள். அலுவலகத்தில் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் ஒருவர், பெரிய பதிவேடு, மைக்கூடு. என்ன வேண்டும் என்று கேட்டார்.

'எங்க ஆளைக் குடுங்க.'

ஆள் பெயர் என்ன என்று கேட்டார் அவர். பாட்டி பேசவில்லை. கூடவந்த கொழுந்தனார் சொல்ல வாயெடுத்தார். அவள் கையைக் காட்டித் தடுத்தாள். அப்பாவின் கையை இறுக்கினாள், வலித்தது என்றார் அப்பா.

பிறகு சொன்னாள். முதற்பெயரையும் குடும்பப் பெயரையும் சேர்த்து, ஒவ்வோர் எழுத்தாக, சத்தமாக. எழுதுகிறவர் எழுதி முடிக்கிற வரைக்கும் நின்று, சரியாக எழுதியிருக்கிறதா என்று வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

அதன்பின் அவள் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

தாத்தாவின் கல்லறை மணல் மேட்டில் தெற்குச் சுவரோரம் இருக்கிறது. போன வாரம் போயிருந்தேன். உப்பு அரித்து எழுத்தில் பாதி போய்விட்டது. மிச்சத்தை விரலால் தடவிப் பார்த்தேன். பிறகு வாய்விட்டு ஒருமுறை வாசித்தேன்.